சார் என்னைத் திட்டவே இல்லை

இரங்கல் கூட்டத்துல என்னைப் பேசச் சொன்னாங்க. முடியாதுன்னுட்டேன். மேடையேறின எல்லாரும் "யாரையும் ஒரு வார்த்தை கடிஞ்சு பேசாத மனுஷர்"னு ஒரே பாட்டைத்தான் பாடினாங்க. நெசம்தான். ஆனா சார் அப்படி நெனச்சுக்கிட்டுச் சாகலை. அதுக்குக் காரணம் நான். இதை மைக் முன்னாடி நின்னு எப்படிச் சொல்றது?

மைசூர்ல என் வேதியியல் ஆராய்ச்சிக்கு அவர்தான் வழிகாட்டி. நான் கர்நாடக எல்லையோரம் ஹனூர்ப் பக்கத்துத் தமிழ்க்காரி, அவர் கன்னடக்காரர். எங்க பேச்செல்லாம் கன்னடத்துலதான். எங்க ஊர் போர்வெல் தண்ணியில புளோரைடு எவ்வளவு இருக்குங்கறதுதான் ஆராய்ச்சி. கேன் கேனாத் தண்ணியைப் பஸ்ல ஏத்திட்டு வருவேன். கண்டக்டர் கத்துவார், நானும் விடமாட்டேன். சார் ஸ்கூட்டர்ல பஸ் ஸ்டாண்டுக்கே வந்து பாதி கேனை வாங்கிக்குவார். "மொதல்ல சாப்பிட்டியா சொல்லு, சண்டைக் கதையை அப்புறம் சொல்லு"ம்பார். யார் வீட்டுத் தண்ணியைச் சோதிச்சாலும், அந்த வீட்டுக்காரங்ககிட்ட முடிவைச் சொல்லிட்டு வந்த பிறகுதான் எழுத விடுவார். அதுக்குன்னே மறுபடி ஊருக்கு அனுப்புவார். முனகிக்கிட்டே போவேன்.

அப்புறம் கல்யாணம், குழந்தை, ஸ்கூல் வேலை. கடைசி அத்தியாயம் அப்படியே நின்னு போச்சு. சார் போன் பண்ணினா "அடுத்த மாசம் சார்"னு சொன்னேன். அப்புறம் போனை எடுக்கறதையே விட்டுட்டேன். முடிக்காம எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் போறது? ஒன்பது வருஷம். அதே மைசூர்ல, அவர் வீட்டுல இருந்து ஆட்டோவுல பதினஞ்சு நிமிஷத் தூரத்துல இருந்துக்கிட்டு ஒன்பது வருஷம் ஒளிஞ்சேன்.

ஒருவழியா மறுபடி பதிவு பண்ணி, சார் ரிட்டயர் ஆயிட்டதால வேற ஒரு மேடம்கிட்ட முடிச்சேன். பைண்டு பண்ணின ஆய்வேட்டைத் தூக்கிட்டு நேரா சார் வீட்டுக்குத்தான் ஓடினேன். கதவைத் திறந்த அவர் சம்சாரம், "இப்பல்லாம் அவருக்கு ஆளே தெரியறதில்லைம்மா"ன்னாங்க. அட, என்னைத் தெரியாமப் போயிடுமான்னு உள்ளே போனேன்.

சார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சட்டைக் கையை மடிச்சுவிட்டு, கையை நீட்டினார். லேப்ல இருந்து ரத்தம் எடுக்க வந்திருக்கேன்னு நெனச்சுட்டார். "மெதுவா எடுங்கம்மா"ன்னார். நீ, வா, போன்னே பேசின மனுஷர். அங்கேயே உக்காந்து அழுதேன்.

அதுக்கப்புறம் ஞாயித்துக்கிழமை தவறாமப் போனேன். ஆய்வேட்டை விரிச்சு, எந்த ஊர், எந்த வீடு, என்ன அளவுன்னு சொல்லுவேன். மரியாதைக்குத் தலையாட்டுவார். நான் முடிச்சுட்டேன்னு அவருக்கு ஒரே ஒரு தடவை தெரியணும். அவ்வளவுதான் நான் கேட்டது.

கடைசி ஞாயித்துக்கிழமை அவரே பேச ஆரம்பிச்சார். "ஹனூர்ல இருந்து ஒரு பொண்ணு எங்கிட்டப் படிச்சா. சரியான வாயாடி. அருமையான மூளை. நான்தான் கெடுத்துட்டேன்."

"என்ன பண்ணினீங்க சார்?"

"திட்டிட்டேன்மா. ரொம்பத் திட்டிட்டேன் போல இருக்கு. ஒருநாள் மார்க்கெட்ல பார்த்தேன். என்னைக் கண்டதும் வாழைத்தாருக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சுக்கிட்டா. அவ்வளவு பயப்படற மாதிரி நான் என்ன சொன்னேன்னுதான் ஞாபகம் வரமாட்டேங்குது."

எனக்கு நாக்கைப் புடுங்கிக்கலாம் போல இருந்தது. தேவராஜா மார்க்கெட்ல அன்னிக்கு அவர் கண்ணுல படலைன்னு நெனச்சு, வீட்டுக்கு வந்து நிம்மதியாச் சோறு தின்னவ நான். அவரோ நான் ஏன் ஓடினேன்னு இத்தனை வருஷம் யோசிச்சிருக்கார். காரணம் எதுவும் கிடைக்காம, பண்ணாத தப்பை எடுத்துத் தன் தலையில போட்டுக்கிட்டிருக்கார். பாவி, ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா நான்?

"சார், அது நான்தான்."

என் நரைமுடியைப் பார்த்தார். "இல்லைம்மா. அவ சின்னப் பொண்ணு."

"சரி சார். ஆனா நீங்க அவளைத் திட்டவே இல்லை. வேலையை முடிக்காத வெட்கத்துல அவளாத்தான் ஒளிஞ்சா. இப்ப முடிச்சுட்டா சார்."

"என் மனசு ஆறணும்னு சொல்றீங்க. நீங்க என்ன, அங்க இருந்தீங்களா?"

"இருந்தேன் சார்."

அவர் நம்பலை. என் கையை ரெண்டு தடவை தட்டிக் கொடுத்தார். "என்னிக்காவது அவளைப் பார்த்தா, நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லிடுங்க"ன்னார்.

சொல்றேன்னு சொன்னேன். புதன்கிழமை காலையில சார் போயிட்டார்.