ஒரு பக்கம் மட்டும் வந்த அரிப்பு

அக்காவின் கருமக்கிரியைக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்கள் அனைவருக்கும் தங்கையின் வணக்கம். ‘சில காலம் நோயுற்றிருந்து’ என்று எழுதினால் போதும் என்றார் அத்தை. எனக்கு மனம் ஒப்பவில்லை.

கெடா மாநிலத்துச் செர்டாங் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவர் அக்கா. அப்பா தவறியபின் படிப்பை நிறுத்திவிட்டு, கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தார். என்னைப் படிக்க வைத்ததும் கட்டிக்கொடுத்ததும் அவர்தான். வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் வீட்டுக்கு வந்த யாரையும் சாப்பிடாமல் அனுப்பியதில்லை.

அந்தத் தொழிற்சாலையில் தூசி படாமலிருக்கத் தலை முதல் கால் வரை மூடிய உடுப்பு. அரிப்பெடுத்தால் ‘உடுப்பு அரிப்பு’ என்று பேர் வைத்து, பெண்கள் ஒரே களிம்பைக் கைமாற்றிப் பூசிக்கொள்வார்கள். அக்காவின் இடது மார்புக் காம்பு அரித்தபோதும் அதே களிம்புதான். கொஞ்சம் அடங்கும், மறுபடி எரியும். தோல் உரிந்து பொருக்குக் கட்டியது, நீர் கசிந்தது. வெட்கப்பட்டு என்னிடம்கூடச் சொல்லவில்லை. துவைக்கும் துணியில் கறையைப் பார்த்துவிட்டு நான்தான் சண்டை போட்டுக் கிளினிக்குக்கு இழுத்துப் போனேன்.

“உடுப்பு உரசினா ரெண்டு பக்கமும்தானே அரிக்கணும்? ஏன் ஒரு பக்கம் மட்டும்?” என்று டாக்டரம்மா கேட்டார். அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தார். தோலில் சிறு துண்டு எடுத்துச் சோதித்தார்கள். காம்பில் தெரியும் ஒருவகைப் புற்றுநோய். அதற்குள் உள்ளேயும் பரவியிருந்தது. அறுவை சிகிச்சை, மருந்து எல்லாம் செய்தும் நோய் திரும்பியது.

கடைசியாக மருத்துவமனையில் கிடந்தபோது உடன் வேலை செய்த பெண்கள் பார்க்க வந்தார்கள். “வயித்துல கட்டி” என்றார் அத்தை. அக்கா பிராணவாயு முகமூடியை விலக்கினார்.

“பொய் சொல்லாதீங்க அத்தை. காம்புல வந்துச்சு. உங்கள்ல யாருக்காச்சும் அங்க அரிச்சு, களிம்பு போட்டும் ஆறாம இருக்கா?”

வந்தவர்களில் ஒரு பெண், “எனக்கு இருக்குக்கா” என்று அழுதுவிட்டார்.

“அழாத. பெரும்பாலும் ஒன்னும் இருக்காது. ஆனா நாளைக்கே கிளினிக் போ லா. களிம்ப நம்பாத.”

அதன்பின் அக்கா கண் திறக்கும்போதெல்லாம், “அவ ரிசல்ட் வந்துருச்சா?” என்பதுதான் கேள்வி. “இன்னும் இல்லக்கா” என்பேன். முடிவு வருவதற்குள் அக்கா போய்விட்டார்.

மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், மாறி மாறிக் கஞ்சி கொண்டு வந்த தொழிற்சாலைப் பெண்களுக்கும், பாடை சுமந்த தம்பிமாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. என்னைக் கோபித்துக்கொண்டாலும் அக்காவின் தலைமாட்டை விட்டு நகராத அத்தைக்கும் நன்றி.

மருத்துவமனையில் அழுத அந்தப் பெண்ணும் இதை எழுதச் சொன்னார். பெயர் மட்டும் வேண்டாமாம். வாய்க்கரிசி போட வந்தவர் குனிந்து, அக்காவின் காதோடு சொன்னார்: “ஒன்னும் இல்லக்கா. வெறும் தோல் அலர்ஜிதானாம்.”