எத்தனை பேருக்கு வண்டி

அண்ணன் மோட்டார் வண்டி தேடிக்கொண்டிருந்த மாதங்களில் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அரிசி களைந்துகொண்டிருப்பேன், பாதியில் எழுந்து வாசலுக்குப் போவேன். வாசலில் விசேஷமாக ஒன்றும் இருக்காது. ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கமிருந்து யாராவது மாடுகளை ஓட்டிக்கொண்டு வருவார்கள். எதிர்க்கடைக்காரர் அஞ்சடி நடைபாதையில் மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருப்பார். திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து மறுபடி களைவேன். சோறு வெந்து இறக்குவதற்குள் இன்னும் இரண்டு முறை வாசலைப் பார்த்திருப்பேன்.

நான் சிங்கப்பூருக்கு வந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. என் கணவர் காய்ச்சலில் போன பிறகு, அண்ணன் ஊருக்குக் கடிதம் எழுதினார். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு புறப்பட்டு வா என்று எழுதியிருந்தார். எத்தனை நாளைக்கு என்று எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. ஏழு வயது மகளையும் அப்போதுதான் பேசக் கற்றுக்கொண்டிருந்த மகனையும் கூட்டிக்கொண்டு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினேன்.

அண்ணன் மாட்டு வண்டிகள் வைத்திருந்தார். சாலை போடுகிறவர்களுக்குக் கல்லும் மண்ணும் ஏற்றிக் கொடுக்கும் காண்ட்ராக்ட். பஃபலோ சாலையில் மாடிவீடு. கீழே வைக்கோலும் புண்ணாக்கும் வைக்கிற அறை, மேலே நாங்கள். அண்ணிக்கு நான்கு பிள்ளைகள், வயிற்றில் ஐந்தாவது. அண்ணி என்னை ஒரு சொல் சொன்னதில்லை. சமையலறைச் சாமான்கள் எது எங்கே இருக்க வேண்டும் என்பதைக்கூட என் இஷ்டத்துக்கு விட்டுவிட்டார். ஆனால் நீ இங்கேதான் இருக்கப்போகிறாய் என்று அவரும் சொல்லவில்லை, அண்ணனும் சொல்லவில்லை. என் டிரங்குப் பெட்டியிலிருந்து துணிகளை எடுத்து அலமாரியில் வைக்கலாமா கூடாதா என்று தெரியாமல், வேண்டியதை மட்டும் எடுப்பதும் துவைத்துக் காயவைத்து மறுபடி பெட்டியிலேயே வைப்பதுமாக இருந்தேன்.

வண்டிப் பேச்சு தொடங்கியது ஒரு திருவிழா நாளில். கோயிலிலிருந்து திரும்பும்போது மூன்று ரிக்‌ஷாக்களில் ஏறினோம். முதல் இரண்டும் வீட்டுக்கு வந்துவிட்டன. மூன்றாவது வரவில்லை. அதில் என் மகளும் அண்ணியின் இரண்டாவது பெண்ணும் இருந்தார்கள். கூட்டத்தில் பின்தங்கியிருக்கும், இதோ வந்துவிடும் என்றார் அண்ணன். வரவில்லை. வண்டிக்கார ஆட்களை நாலு பக்கமும் அனுப்பினார். நான் யாரிடமும் சொல்லாமல் இறங்கி ஓடினேன். எந்தத் திசை என்று யோசிக்கவில்லை. கால் போன பக்கம் போனேன்.

தேக்கா சந்தை வாசலில் அந்த ரிக்‌ஷா நின்றது. இழுத்துவந்த சீனர் வயதானவர். வழி தவறி, வீடு எது என்று சொல்லத் தெரியாத இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, இந்தியர்கள் நிறையப் பேர் வந்துபோகிற இடம் இதுதான் என்று அங்கேயே நிறுத்திக் காத்திருந்திருக்கிறார். பிள்ளைகள் இருவரும் நிமிர்ந்து உட்கார்ந்து, அவர் வாங்கிக் கொடுத்த குவே பலகாரத்தை இலையோடு பிடித்துத் தின்றுகொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவர் எழுந்து, புகைத்துக்கொண்டிருந்த சுருட்டைக் கீழே போட்டார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். வேறு மொழி எனக்கு வரவில்லை.

அன்று சாயங்காலம் அண்ணன் சொன்னார்: "இனிமே இந்தப் பொழப்பு வேணாம். எல்லாரும் ஒரே வண்டில போகணும். நான் மோட்டார் வாங்கப்போறேன்."

எல்லாரும் என்று அவர் சொன்னதில் நானும் என் பிள்ளைகளும் சேர்த்தியா என்று அந்த நிமிஷமே என் மனசு கேட்டுவிட்டது. அதற்குப் பிறகு அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

அண்ணிக்கு மயக்கமும் வாந்தியும் அதிகம். அவரால் வெளியே வர முடியாது. அதனால் வண்டி பார்க்கப் போகும்போதெல்லாம் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். "நீ வந்து உக்காந்து பாரு. அண்ணிக்குத் தோதா இருக்குமான்னு சொல்லு." புருஷனை இழந்த பெண் வண்டி வண்டியாக ஏறி இறங்குவது பக்கத்து வீடுகளில் பேச்சாயிற்று. அண்ணன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நானும் போட்டுக்கொள்ளவில்லை, ஆனால் வேறு காரணத்துக்காக. வீட்டில் இருந்தால் கைகால் துடித்தது.

முதலில் பார்த்தது ஒரு வெள்ளைக்காரத் துரையின் வண்டி. அவர் சீமைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். கறுப்புப் பளபளப்பு, மேலே மடக்குகிற கித்தான் கூரை, தோல் இருக்கை. நான் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். அப்படி ஒரு மெத்தையில் நான் அதற்குமுன் உட்கார்ந்ததில்லை. அண்ணன் வெளியே நின்று விரல் மடக்கினார். "முன்னாடி ரெண்டு. பின்னாடி மூணு. சின்னதுங்க மடியில..." அவருடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த விரல் நான்? அதற்குள் துரையின் ஆள் எஞ்சினைத் திறந்து ஏதோ காட்டினார். அண்ணன் மடக்கிய விரல்களை விரித்துவிட்டு அங்கே குனிந்தார்.

வீட்டில் அண்ணி கேட்டார்: "எப்படி இருந்துச்சு?"

"உங்களுக்கு நல்லா இருக்கும் அண்ணி."

"அவரு முகத்தப் பாத்தா வாங்கிருவாரு போலருக்கே."

வாங்கவில்லை. ஏன் என்று அண்ணன் சொல்லவில்லை. நான் இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன். பிறகு வேறொரு வண்டி பார்க்கக் கூப்பிட்டார். மறுபடி வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடக்க ஆரம்பித்தேன்.

அப்போது ஊருக்குள் சின்னச் சின்ன வாடகைப் பஸ்கள் ஓடிக்கொண்டிருந்தன. கார் அடிச்சட்டத்தில் பெட்டி கட்டி, டிராமுக்கு முன்னாலும் பின்னாலும் புகுந்து ஆள் ஏற்றும். கொசு பஸ் என்பார்கள். அதில் ஒன்று விலைக்கு வந்தது. ஏழெட்டுப் பேர் உட்காரலாம். எனக்கு மனசுக்குள் இதுவே போதும் என்று இருந்தது. அண்ணன் சுற்றிவந்து பார்த்துவிட்டு மூக்கைச் சுளித்தார். "இதுல போனா ஜனங்க கை காட்டி நிறுத்துவாங்க. எனக்கு மானம் இல்லையா?" பெரிய வண்டிதான் வேண்டும் என்று நான் எப்படிச் சொல்வது? அண்ணிக்காக உட்கார்ந்து பார்க்க வந்தவள் நான்.

பிறகு இன்னும் இரண்டு மூன்று பார்த்தோம். ஒன்றின் கதவு சாத்தவில்லை. ஒன்றில் நனைந்த நாய் வாசனை. அண்ணியின் வயிறு நன்றாகத் தெரிய ஆரம்பித்தது. அண்ணன் மாட்டு வண்டிக் கணக்கைப் பார்க்கும்போதும் மோட்டார் பேச்சே பேசினார். நான் பெட்டியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

ஆர்ச்சர்ட் சாலையில் ஒரு பழைய வண்டிக் கொட்டகை. அங்கேதான் அந்த மர வண்டியைப் பார்த்தோம். பிற்காலத்தில் அதையெல்லாம் ஸ்டேஷன் வேகன் என்றார்கள். அன்று எங்களுக்கு அந்தப் பெயர் தெரியாது. ஒரு ரப்பர் தோட்டத்தில், ரயிலடிக்கு வருகிற விருந்தாளிகளையும் அவர்கள் பெட்டிகளையும் ஏற்றிவர வைத்திருந்த வண்டியாம். முன்பக்கம் கார். அதற்குப் பின்னால் முழுக்க மரம். வார்னிஷ் மங்கிய பலகைச் சுவர், ஒன்றன் பின் ஒன்றாக மூன்று பெஞ்சு இருக்கைகள், மழைக்கு இறக்கிவிடக் கித்தான் திரை. கடைசி பெஞ்சைக் கழற்றினால் சாமான் ஏற்றலாம். நான் நடுப் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். மரம் வெயிலில் சூடாக இருந்தது.

தரகர் சீனர். அண்ணனிடம் மலாயில் பேசினார். எனக்கும் சந்தைக்குப் போய்ப்போய் அதற்குள் கொஞ்சம் மலாய் புரிந்தது. அவர் கேட்டது மிகச் சாதாரணமான கேள்வி. "மொத்தம் எத்தனை பேர்?"

அண்ணன் என்னைப் பார்த்தார். "நீயே சொல்லும்மா. எத்தனை பேரு?"

"நீங்க சொல்லுங்கண்ணே."

"வீட்ட நடத்துறவ நீதானே, சொல்லு."

எனக்குள் அத்தனை நாளாக ஓடிக்கொண்டிருந்தது அந்த இடத்தில் நின்றுவிட்டது. "அண்ணிக்குப் பொறக்கப்போறதோட சேத்து நீங்க ஏழு பேரு," என்றேன். "நாங்க ஊருக்குப் போறதா இருந்தா ஏழு போதும்."

அண்ணன் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். "யாரு ஒன்னப் போகச் சொன்னா?"

"யாரும் இருக்கச் சொல்லல."

அவர் வண்டிக்குள் எட்டி, முன் இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டார். தரகர் நாகரிகமாகக் கொஞ்சம் தள்ளிப்போய் நின்றார்.

"ஊர்ல ஒம் புருஷன் பங்கு நிலம் இருக்கு," என்றார் அண்ணன். "பசங்களுக்காக நீ திரும்பிப் போவியோ என்னமோன்னு இருந்தேன். நான் பாட்டுக்கு இங்கயே இருன்னு சொல்லி, ஒனக்கு இஷ்டமில்லாம நீ தலையாட்டிட்டா? கேட்டா, போகச் சொல்ற மாதிரி ஆயிருமோன்னும் இருந்துச்சு."

"அந்தக் கறுப்பு வண்டிய ஏன் வாங்கல?"

"அதுல எடமில்லையே," என்றார், இது என்ன கேள்வி என்பது போல.

பிறகு தரகர் பக்கம் திரும்பி, மலாயில் பத்துப் பேர் என்றார். தரகர் வண்டியைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், சின்னப் பிள்ளைகளா என்று கேட்டார். பெரும்பாலும் சின்னதுதான் என்றார் அண்ணன். போலாம்லா, நெருக்கி உட்கார்ந்தால் போலாம் என்று தரகர் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து அண்ணியிடம் சொன்னபோது அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "பிரசவத்துக்கு முன்னாடி நீ கெளம்பிருவியோன்னு நான் பயந்துக்கிட்டே இருந்தேன்," என்றார். "ஒங்க அண்ணன்கிட்ட ஒன்னக் கேக்கச் சொன்னா, அவ மனசு நோகும்னாரு." அன்று பெட்டியைக் காலிசெய்து துணிகளை அலமாரியில் அடுக்கினேன்.

வண்டி வந்த முதல் வாரமே, சிராங்கூன் சாலையில் ஒரு கிழவர் கை காட்டி நிறுத்தி ஏறப்பார்த்தார். அண்ணன் முகம் சிவந்துவிட்டது. பின்னால் இருந்த பிள்ளைகள் ஏறிக்கோங்க தாத்தா என்று இடம்விட்டார்கள். அவரும் ஏறித் தன் தெருமுனை வரை வந்தார். ஞாயிறுகளில் கத்தோங் கடற்கரைக்குப் போனோம். வண்டி ஓட்ட ஒரு மலாய்க்காரர் வந்தார். அவரிடமே அண்ணனும் கற்றுக்கொண்டார்.

அண்ணிக்கு வலி எடுத்தது ஒரு பகல் வேளையில். அண்ணன் கீழே ஓடிப்போய் வண்டியின் முன்னால் எஞ்சினைக் கிளப்பும் கைப்பிடியைச் செருகிச் சுற்றினார். எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. சட்டையைக் கழற்றிவிட்டுச் சுற்றினார். மாட்டு வண்டிக்காரர்கள் சூழ்ந்து நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அண்ணி கொஞ்ச நேரம் வாசலில் நின்று பார்த்தார். பிரசவ ஆஸ்பத்திரி எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்.

"நீங்க சுத்திக்கிட்டே இருங்க," என்றார் அண்ணனிடம். "நாங்க போயிட்டு வந்துர்றோம்."

என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வலி வரும்போது அஞ்சடி நடைபாதைத் தூணில் சாய்ந்து நிற்பார், விட்டதும் நடப்பார். நடுவில் எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்காதே, வயிறு இழுக்குது என்று சொல்லிக்கொண்டே அவரும் சிரித்தார். ஆஸ்பத்திரி வாசலை நாங்கள் அடைந்தபோதும் வண்டி வந்திருக்கவில்லை. ஆண் குழந்தை.

அன்று நான் வெளியே பெஞ்சில் காத்திருந்தபோது, ரப்பர் தோட்டத்திலிருந்து வந்த ஒரு தமிழ்ப் பெண் பக்கத்து அறையில் அழுதுகொண்டிருந்தாள். நர்ஸுக்கு அவள் சொல்வது புரியவில்லை. என்னைப் பார்த்து, மலாய் தெரியுமா என்று கேட்டார். கொஞ்சம் என்றேன். உள்ளே போய் அந்தப் பெண் சொன்னதைக் கேட்டு, எனக்குத் தெரிந்த சந்தை மலாயில் சொன்னேன். மறுநாள் அண்ணிக்குக் கஞ்சி கொண்டுபோனபோதும் கூப்பிட்டார்கள். அண்ணி வீடு திரும்பிய பிறகும் ஏதாவது காரணம் சொல்லிக்கொண்டு போனேன். கடைசியில் ஆயா வேலைக்கு வருகிறாயா என்று அவர்களே கேட்டார்கள்.

அண்ணன் இரண்டு நாள் என்னுடன் பேசவில்லை. மூன்றாம் நாள், "இங்க ஒனக்கு என்ன கொறை?" என்றார்.

"ஒரு கொறையுமில்லண்ணே."

"அப்பறம்?"

அலமாரியில் துணி வைத்த பிறகும் என் கால்கள் வாசலுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தன. இங்கேயே இருக்கலாம் என்று தெரிந்தபின் அந்த நடையில் பயம் இல்லை, அவ்வளவுதான். அண்ணிதான் எனக்காகப் பேசினார். "விடுங்க. அவளுக்குப் புடிச்சிருக்கு."

வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் கழித்து, கேம்பல் லேன் பக்கம் ஓர் அறை பார்த்தேன். குடிபோகிற அன்று அண்ணன் தானே வந்து வண்டியின் கடைசி பெஞ்சைக் கழற்றினார். டிரங்குப் பெட்டி, இரண்டு பாய், அண்ணி கொடுத்த அண்டா, அடுப்பு. சாமான்களுக்கு மேல் பிள்ளைகள் ஏறிக்கொண்டார்கள். அண்ணி குழந்தையை வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தார். அந்த அறைக்கு நடந்தே சீக்கிரம் போய்விடலாம். அண்ணன் சிராங்கூன் சாலையில் திரும்பவேண்டிய இடத்தில் திரும்பாமல் நேரே ஓட்டினார். வழி மறந்துபோச்சா என்று அண்ணி கேட்டார். சாலை அகலமாகி, கடைகள் குறைந்து, காய்கறித் தோட்டங்கள் வருகிற வரைக்கும் போய், அங்கே ஒரு மரத்தடியில் அண்ணன் மெதுவாக வண்டியைத் திருப்பினார். பிள்ளைகள் இன்னும் கொஞ்ச தூரம் போகலாம் என்று பின்னாலிருந்து கேட்டுக்கொண்டே வந்தார்கள்.