பெயர் சொல்லாத பிரசங்கம்

என் தாய்மாமன் கெலேபி வாரத்தில் ஆறு நாள் பேருந்து ஓட்டுவார். முறை வரும் ஞாயிறுகளில் எங்கள் ஊர் தேவாலயத்தில் பிரசங்கம் செய்வார். வேதாகமக் கல்லூரிப் பக்கம் போனதில்லை. கண்ணில் படுவதெல்லாம் அவருக்குப் பாடம். டயர் பஞ்சரானால் அதில் பொறுமை இருக்கும். மழைத்தொட்டி ஒழுகினால் அதில் நம் ஜெபம் இருக்கும். அவர் பேருந்தில் யாரும் சண்டை போடுவதில்லை. போட்டால் ஞாயிறன்று அது மேடையேறிவிடும்.

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். ஃபிஜித் தீவின் சுவா நகரில் படித்துவிட்டு டோங்காவுக்கு, மாமா வீட்டுக்குத் திரும்பியபோது, கடவுளைப் பற்றி ஆயிரம் கேள்விகளோடு வந்தேன். மாமாவிடம் ஒன்றுகூட இல்லை. அது எரிச்சலாகவும் இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

அவருக்கு இருந்தது ஒரே கவலை. பக்கத்து வீட்டு லாட்டு அவரோடு பேசுவதில்லை. பள்ளிக்கூட நாளிலிருந்து சிநேகிதர்கள். மாலையில் ஒன்றாக உட்கார்ந்து கவா வேர்ப்பானம் குடித்தவர்கள். புதுப் போதகரை வரவேற்ற விருந்துக்கு லாட்டு எலும்பும் தோலுமான ஒரு பன்றியைக் கொடுத்தார். கொழுத்ததை வீட்டுக்குப் பின்னால் கட்டிவைத்தார். மாமா அடுத்த ஞாயிறே மேடையில், "பேர் சொல்ல மாட்டேன். சிவப்பு கேட் வெச்சிருக்கிற ஒருத்தர்..." என்று ஆரம்பித்தார். ஊரில் சிவப்பு கேட் ஒன்றுதான்.

மறுநாளே லாட்டு அதற்கு நீலம் அடித்தார். தேவாலயத்துக்கு வருவதையும் நிறுத்தினார்.

"உண்மையத்தானே சொன்னேன்?" என்று மாமா புலம்புவார்.

"அவர்கிட்டயே நேர்ல சொல்லியிருக்கலாமே, மாமா."

"நேர்ல சொன்னா கோவிச்சுப்பாரே!"

மறுபடி மாமாவின் முறை வந்தது. அன்று காலை அவர் எங்கள் ஊர் வழக்கப்படி வேட்டிக்கு மேல் இடுப்பில் பாய் சுற்றி, கையில் வேதாகமத்தோடு கிளம்பும்போது, அத்தை கத்தினாள். எங்கள் பன்றி கயிற்றை அறுத்துக்கொண்டு லாட்டுவின் சேப்பங்கிழங்குத் தோட்டத்துக்குள் போய்விட்டது.

ஞாயிறன்று எங்கள் ஊரில் யாரும் வேலை செய்யக் கூடாது. பன்றி விரட்டுவது வேலை. ஆகவே மாமா ஓடவில்லை. உலாவப் போகிறவர்போல அதன் பின்னால் நடந்தார். பன்றியும் நடந்தது. அவர் வேகம் கூட்டினார். பன்றியும் கூட்டியது.

லாட்டு வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பல வாரங்களுக்குப் பிறகு வாய் திறந்தார்.

"பிரசங்கியாரே, இது வேலையில்லையா?"

"விரட்டலப்பா. கூட நடக்கறேன்."

"அது என் கிழங்கைத் தின்னுதே."

"அதைத்தான் வேண்டாம்னு சொல்லிட்டிருக்கேன்."

லாட்டு பன்றியை மேலும் கீழும் பார்த்தார். "நல்லா கொழுத்திருக்கே. போதகர் விருந்தப்போ இது எங்க இருந்துச்சு? நீ டப்பா இறைச்சிதானே கொண்டுவந்தே?"

மாமா நின்றுவிட்டார். பன்றி நிற்கவில்லை.

"பின்னாடி கட்டியிருந்தேன்."

"காது கேக்கல."

"பின்னாடி கட்டியிருந்தேன்யா!"

லாட்டு எழுந்தார். ஞாயிறென்றும் பாராமல் ஓடிப்போய்ப் பன்றியின் பின்னங்காலைப் பிடித்தார். "பாவத்துல பாதி எனக்கு. நின்னுட்டே இருக்காதே, நீயும் பிடி."

மாமா தாமதமாக, பாயெல்லாம் சேறாக மேடையேறினார். லாட்டு கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தார். ஒரு வாரமாகத் தயார் செய்திருந்த பிரசங்கத்தை மாமா தொடவே இல்லை.

"போன தடவை ஒருத்தர் வீட்டுப் பன்னியைப் பத்திப் பேசினேன். அடுத்தவங்க கொல்லையில கடவுள் என்ன சொல்றார்னு எனக்கு நல்லாப் புரியும். என் கொல்லைப் பக்கம் நான் திரும்பியே பாக்கல. அங்கயும் ஒண்ணு கட்டியிருந்துச்சு."

நான் தலை குனிந்துகொண்டேன். கடவுளைப் பற்றிய என் கேள்விகளும் பெரும்பாலும் அடுத்தவர்களின் குறைகளைப் பற்றியவைதான்.

"சின்னப் பன்னிதான், ஆனாலும்..." என்றார் மாமா.

பிரசங்கம் பிடித்துவிட்டால் எங்கள் சபையில் உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுப்பார்கள். கடைசி வரிசையிலிருந்து குரல் வந்தது: "பெரிசு!"

"சரி, பெரிய பன்னி."

"ரொம்பப் பெரிசு!"

போதகரின் தோள்கள் சிரிப்பில் குலுங்கின. மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடைசி வரிசையைப் பார்த்துச் சிரித்தார்.

"ரொம்பப் பெரிய பன்னி," என்று தொடர்ந்தார்.