உப்பு பூத்த சுவர்

சிலுவையம்மாள் சுவரை நக்கிப் பார்த்தபோது பக்கத்தில் இருந்தது நான் மட்டும்தான். நாக்கு நுனியால் ஒரு தொடுதல். கண்ணை மூடினார். திறந்தபோது முகம் முழுக்கச் சிரிப்பு.

"உப்பு தம்பி! வந்துட்ச்சு பாரு, வந்துட்ச்சு!"

என் கையில் ஈரத்துணி இருந்தது. இன்னும் அரை மணி நேரத்தில் சங்கக் கமிட்டி சுவரைப் பார்க்க வந்துவிடும். சிலுவையக்கா பூசிய சுண்ணாம்புச் சுவரில் வெள்ளைப் பஞ்சு முளைத்தாற்போல் என்னவோ படர்ந்திருந்தது. அவருக்கு அவமானமாகிவிடக் கூடாது, யாரும் பார்ப்பதற்குள் துடைத்துவிடலாம் என்று வந்திருந்தேன்.

"துணிய கீழ போடு! தண்ணி பட்டா கரைஞ்சி திரும்ப உள்ள பூடும். எத்தினி நாளா நான் இதுக்குத்தான் காத்துகினு கீறேன்!"

ராயபுரத்தில் எங்கள் துறைமுகத் தொழிலாளர் படிப்பகம் நூறு வருடம் தாண்டிய செங்கல் கட்டடம். அங்கே புத்தகங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. முன்பு யாரோ நல்லது செய்வதாக நினைத்து வெளியே சிமென்ட் பூசி, அதன்மேல் பளபளப்பான பெயின்ட்டும் அடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து உள்சுவர் வியர்க்க ஆரம்பித்தது. கீழ்த்தட்டுக் கவிதைப் புத்தகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிரித்தால் ஒருவருடைய கடைசி வரி இன்னொருவருடைய அட்டையில் கிடக்கும்.

கட்டடத்தைச் சரிசெய்ய இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் ராசையா, தெற்கிலிருந்து வந்து இருபது வருடமாக இங்கே சிமென்ட் வேலை செய்யும் மேஸ்திரி. இன்னொருவர் சிலுவையம்மாள். சங்கத் தலைவர் லூயிஸ், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், யாரையும் நோகடிக்க மாட்டார். வடக்குச் சுவரின் வெளிப்பக்கத்தில் ஆளுக்குப் பத்தடி கொடுத்தார். மழைக்காலம் முடிந்ததும் பார்ப்போம், எவர் பூச்சு நிற்கிறதோ அவருக்கே முழுக் கட்டடமும் என்றார்.

ராசையாவுக்கு இது இன்னொரு வேலை. அக்காவுக்கு அப்படியில்லை. இருபத்திரண்டு வருடம் சித்தாளாக இருந்தவர், தன் பெயரில் கேட்ட முதல் கட்டடம் இது. கிடைக்காவிட்டால் மறுபடியும் தலையில் கலவைச் சட்டிதான்.

அவர் பிறந்தது காசிமேடு. அம்மா கருவாடு காயப்போட்டு விற்றவர். எட்டாவதோடு படிப்பு நின்றது. ஊருக்குள் ஒரு பழைய அரசுக் கட்டடத்தைப் புதுப்பித்த குழுவில் ஆறு வருடம் சுண்ணாம்பு சலித்தார், அதில் கலக்கக் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்தார். மேஸ்திரிகள் சாரத்தின் மேலே, இவர் கீழே. மதியம் அவர்கள் சாப்பிட்டுக் கண்ணயரும்போது, கரணையை எடுத்துப் பின்பக்கச் சுவரில் ஒரு முழம் பூசிப் பார்ப்பார். அவர்கள் எழுவதற்குள் சுரண்டிவிடுவார். ஒரு நாள் சுரண்ட மறந்துபோனது. நாலு மேஸ்திரிகளும் ஆளாளுக்கு அது தன் கைவேலைதான் என்று சண்டை போட்டார்களாம். இதைச் சொல்லும்போதெல்லாம் அக்கா நாலு பேரின் குரலிலும் பேசிக்காட்டுவார்.

இங்கே ராசையா இரண்டே நாளில் முடித்துவிட்டார். நீர் புகாத மருந்து கலந்த சிமென்ட், கண்ணாடி மாதிரி வழவழப்பு. அக்கா பழைய சிமென்ட்டைக் கொத்தியெடுத்துவிட்டு, வெறும் செங்கல்லைப் பத்து நாள் சும்மா விட்டார். பிறகு சுண்ணாம்பில் மெல்லிய பூச்சு, அது இறுகியதும் இன்னொன்று. வெயில் உறிஞ்சிவிடாமல் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டார்.

"என்னக்கா, சுவருக்குச் சேலை கட்டுதியளா?" என்றார் ராசையா.

"உன் சுவரு மூச்சு முட்டி சாவும் பாரு, அப்ப கோடித்துணி வாங்கியா."

ஐப்பசி, கார்த்திகை மழை அடித்துத் தீர்த்தது. மார்கழியில் காய்ந்த காற்று வந்தது, கூடவே அந்த வெள்ளையும்.

எட்டு மணிக்குக் கமிட்டி வந்தது. ஐந்து பேர். ராசையாவின் பத்தடி நேற்றுப் பூசியதுபோல் மின்னியது. பக்கத்தில் அக்காவின் பத்தடி, பூஞ்சை பிடித்த ரொட்டி மாதிரி.

"இன்னா சிலுவ இது, கலீஜா கீது?" என்றார் லூயிஸ், வருத்தமாக.

"பவுடர் பூசியிருக்காவ," என்றார் ராசையா. எல்லோரும் சிரித்தார்கள்.

"சிரிங்க, சிரிங்க. லூயிசண்ணே, நாக்க நீட்டு."

"இன்னாது?"

"தொட்டு நக்கிப் பாரு. சாவ மாட்ட."

லூயிஸ் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் சுளித்தது. "உப்பு."

"கடல் காத்து இத்தினி வருசமா உள்ள ஏத்தி வெச்ச உப்பு. கருவாட்டுல ஈரம் இறங்கறப்ப மேல வெள்ளையா பூக்கும்ல, அதே கதைதான். சுவரு துப்புது. துப்பட்டும். நான் பிரஷ்ஷால தட்டிடுவேன், மறுபடி துப்பும், கொஞ்சங்கொஞ்சமா நின்னுடும். செங்கல்லு பொழைச்சுக்கும்."

"பாக்கறதுக்கு அதுதானம்மா நல்லா கீது," என்று லூயிஸ் சிமென்ட்டைக் காட்டினார்.

அக்கா குனிந்து சுத்தியலை எடுத்தார். "ராசையா, உன் சிமென்ட்டு ஈரத்த உள்ளயே பூட்டி வெச்சிகீது. ஒரு சாண் ஒடைக்கிறேன். உள்ள காஞ்சி கெடந்தா நான் இப்பவே சட்டிய தூக்கிகினு கெளம்பிடறேன். வேலை உனுக்கு."

நான் சுவரையும் சுத்தியலையும் மாறிமாறிப் பார்த்தேன். காய்ந்திருந்தால்? மூன்று மாதத்தில் அப்படி என்ன ஆகிவிடும்?

"நல்லா ஒடைங்க," என்றார் ராசையா. கையைக் கட்டிக்கொண்டார்.

முதல் அடி வழுக்கியது. இரண்டாவதில் கீறல். மூன்றாவதில் ஓட்டை விழவில்லை, ஒரு பெரிய பாளமே பெயர்ந்து, மொத்தமாகக் கீழே வந்து விழுந்தது. உள்பக்கம் கறுப்பாக ஈரம். செங்கல் ரத்தநிறச் சேறு மாதிரி மினுங்கியது. ராசையா மெதுவாகப் போய் விரலை வைத்தார். விரல் செங்கல்லுக்குள் இரண்டாவது கணு வரை இறங்கியது. வெளியே எடுத்தபோது சிவப்புச் சேறு ஒட்டியிருந்தது.

பிறகு அவராகவே நகர்ந்து, அக்காவின் சுவரில் ஓர் ஓரமாக செங்கல் தெரியும்வரை ஆணியால் கொஞ்சம் கிளறினார். அதே விரல். அழுத்தினார், மறுபடியும் அழுத்தினார். செங்கல் நின்றது. விரல் காய்ந்திருந்தது.

"லூயிசண்ணே, நான் சொல்லுதேன்," என்றார் ராசையா. "அவங்ககிட்டயே குடுங்க. நான் போட்டா உங்க கட்டடம் நிக்காது."

லூயிஸ் மற்ற நால்வரையும் பார்த்தார். தலைகள் ஆடின. "சரிம்மா. பொங்கலுக்குள்ள முடிச்சுடுவியா?"

"பொங்கலா!" அக்கா இடுப்பில் கைவைத்தார். "அடுத்த மழைக்குள்ள. அதுக்கு முன்னாடி எவனாவது பெயின்ட் டப்பாவ தூக்கினு வந்தீங்க, மண்டைய ஒடைப்பேன். ஒத்துக்கிறியா?"

"பேஜாரு புடிச்ச பொம்பள," என்றார் லூயிஸ், சிரித்துக்கொண்டே. "ஒத்துக்கிறேன்."

மறுநாள் காலை ஆறு மணிக்கே சுத்தியல் சத்தம். நான் ஓடினேன். சாரத்தின் மேல் அக்கா, கீழே நான்கு ஆட்கள், நடுவில் ராசையா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உளியோடு நிற்கிறார். சிமென்ட் பாளம் பாளமாக விழ, தெருவே கூடிவிட்டது. எல்லாச் சத்தத்துக்கும் மேலே அக்காவின் குரல்:

"கீழேந்து குத்தாத ராசையா, மேலேந்து வா! செங்கல்லு மேல உளி படக் கூடாது! தம்பி, இன்னா பாத்துகினு நிக்கிற, புக்க எல்லாம் அப்பால நவுத்து!"

நான் உள்ளே ஓடிப்போய் கீழ்த்தட்டிலிருந்து ஆரம்பித்தேன்.