என்னை ஊருக்கு அனுப்பிவிடும் என்று கேட்டேன்

அப்போது எனக்கு ஒரே ஒரு ஜெபம்தான் இருந்தது. "ஆண்டவரே, என்னை ஊருக்கு அனுப்பிவிடும்." காலையில் எழுந்ததும் அதைச் சொல்வேன். பிற்பகல் மூன்றரை மணிக்கே இருட்டிவிடும் அந்தத் தேசத்தில், ஜன்னலோரம் உட்கார்ந்து திரும்பவும் அதையே சொல்வேன்.

சபையாரே, என்னைப் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் எஸ்தர். திண்டிவனத்திலிருந்து மயிலம் போகிற வழியில் ஒரு சின்ன ஊர். அம்மாவும் அப்பாவும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். அடுத்தவர் கொல்லையில் மல்லாட்டை விதைப்பார்கள், களை எடுப்பார்கள், கடலைச் செடியைப் பிடுங்குவார்கள். நான் விழுப்புரத்தில் காலேஜ் முடித்தேன். முழு உதவித்தொகை கிடைத்து, ஸ்காட்லாந்தில் கடலோரமாக இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தில் உணவு அறிவியல் படிக்கப் போனேன். போவதற்கு முந்தின ஞாயிறு இதே சபையில் என் தலைமேல் கைவைத்து ஜெபித்தீர்கள்.

போன இடத்தில் என் வாய் அடைத்துப்போனது. வகுப்பில் பேச ஆரம்பித்தால், "மறுபடியும் சொல்லு" என்பார்கள். மறுபடியும் சொல்வேன். அப்போதும் புரியாது. நான் மூன்றாவது முறை சொல்வதற்குள் வேறு யாராவது அதையே சொல்லி முடித்திருப்பார்கள். டிசம்பர் வந்தபோது கடையில்கூட நான் பேசுவதில்லை. பொருளை எடுத்து வைப்பேன், தலையை ஆட்டுவேன், வந்துவிடுவேன்.

எல்லாமே தண்ணீருக்கடியில் நடப்பதுபோல இருந்தது. வெண்பனி சத்தமில்லாமல் விழும். மனிதர்களும் சத்தமில்லாமல் என்னைத் தாண்டிப் போவார்கள். ஒரு நாள் மத்தியானம் அசந்து கண்ணை மூடினேன். நம் ஊர்க் கொல்லை முழுக்க வெண்பனி மூடிக் கிடந்தது. அம்மா குனிந்து அதற்குள் கையைவிட்டு எதையோ தேடிக்கொண்டிருந்தார். கூப்பிட்டேன். என் குரல் அவரை எட்டவில்லை. விழித்தபோது தலையணை நனைந்திருந்தது.

அந்த வாரம் ஹாஸ்டலில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். விடுமுறை மூன்று வாரமும் ஹாஸ்டல் மூடப்படும். சனிக்கிழமை மதியத்துக்குள் எல்லோரும் காலி செய்ய வேண்டும். ஹீட்டரையும் நிறுத்திவிடுவார்கள். அந்த நாட்டுப் பிள்ளைகளுக்குக் கவலையில்லை, வீடு இருக்கிறது. நினைத்தபோது விமானம் ஏற முடியாத எங்களைப் போன்றவர்கள் எங்கே போவது?

எனக்கு ஒரு வழி இருந்தது. ஞாயிறு ஆராதனையில் பழக்கமான நாகர்கோவில் குடும்பம் ஒன்று, மூன்று வாரமும் தங்கள் வீட்டில் வந்து இருக்கச் சொல்லியிருந்தது. நான் தப்பித்தேன். மற்றவர்களைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. இதை வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

புதன்கிழமை மத்தியானம், கீழ்த்தளத்தில் துணி துவைக்கும் மெஷின்கள் இருக்கிற அறைக்குப் போனேன். மெஷின் ஓடும் சத்தத்தில் வாய்விட்டுத் தமிழில் ஜெபிக்கலாம். யாருக்கும் கேட்காது. முட்டி போட்டு, அழுது, என் வழக்கமான ஜெபத்தைச் சொல்லி முடித்து ஆமென் என்றேன். துணி உலர்த்தும் பெரிய மெஷினுக்குப் பின்னாலிருந்து யாரோ இருமினார்கள்.

எட்டிப் பார்த்தேன். சரிதா. நேபாளத்திலிருந்து வந்த முதலாண்டுப் பெண். அவளிடம் ஒரு போர்வை, இரண்டு பிஸ்கட் பாக்கெட், ஒரு தண்ணீர் பாட்டில்.

"தீதி, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றாள். தீதி என்றால் அவர்கள் மொழியில் அக்கா.

சனிக்கிழமை எல்லோரும் போன பிறகு அங்கேயே ஒளிந்து மூன்று வாரத்தையும் கழிக்க நினைத்திருந்தாள். சாமான்களை முன்கூட்டியே பதுக்கி வைக்க வந்தவள், தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள்.

"ஹீட்டர் ஓடாதே, சரிதா."

"போர்வை இருக்கு."

நெற்றியைத் தொட்டேன். கொதித்தது. கைத்தாங்கலாக என் அறைக்குக் கூட்டிவந்து, மருந்து வாங்கிக் கொடுத்து, என் கட்டிலில் படுக்க வைத்தேன். அன்று சாயங்காலம் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். என்னை ஊருக்கு அனுப்பிவிடும் என்ற வார்த்தை நாக்கில் வரவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அம்மாவை வீடியோவில் கூப்பிட்டேன். நம் ஊரில் அப்போது மத்தியானம் இரண்டரை. விதைப்பு நேரம். வரப்பில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் அந்தக் கொல்லைக்குச் சொந்தக்காரர் வீட்டு சரசு அக்கா.

"இன்னாம்மா, மூஞ்சே செரியில்ல? துன்னியா?"

எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில், "நான் வந்துடறேம்மா. ஆண்டவர்கிட்ட அதக் கேளு" என்றேன்.

அம்மா சாப்பிட்ட கையைக் கழுவினார். பிறகு, "அந்தப் பொண்ணு இன்னா பண்ணும்?" என்றார்.

"தெரியலம்மா."

"நீ வரணும்னு நான் கேக்க மாட்டேன், எஸ்தரு. உன் வாயத் தொறக்கணும்னுதான் கேப்பேன். நீ போன நாள்லருந்து அதத்தான் கேட்டுக்கினு இருக்கேன். நாளைக்கு அந்த ஆஸ்டல் ஆபீசுக்குப் போ. இதே நேரத்துக்குப் போ. நான் இங்கயே முட்டி போட்டுக்கினு இருப்பேன்."

சரசு அக்கா போனை வாங்கினார். "ஜல்தி போயி பேசுடி. நானும் எங்க மயிலம் முருகன்கிட்ட சொல்லி வெக்கிறேன். பேஜாரு பண்ணாத, தைரியமா இரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. எத்தனையோ வாரத்துக்குப் பிறகு சிரித்தேன்.

அன்று மாலை ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். "விடுமுறைக்கு எங்கே போகிறாய்?" இவ்வளவுதான் கேட்டேன். நைஜீரியப் பையன் ஒருவன் ரயில் நிலையத்தில் தூங்குவதாகச் சொன்னான். வியட்நாம் பெண்கள் இரண்டு பேர் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். போக இடமில்லாதவர்கள் என்னோடு சேர்த்து முப்பத்தொரு பேர். நான் எப்போது அந்தக் கணக்கில் என்னையும் சேர்த்தேன் என்று எனக்கே தெரியாது.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி. ஹாஸ்டல் அதிகாரி நரைத்த தலை அம்மையார். "விதி விதிதான்" என்றார். அவருக்குப் பின்னால் ஜன்னலில் பனி விழுந்துகொண்டிருந்தது. அதையே பார்த்தேன். அந்த வெள்ளைக்குள் எங்கோ ஈரச் செம்மண்ணில் அம்மா முட்டி போட்டிருப்பது எனக்குத் தெரிந்தது. கண்ணால் பார்த்தேனா? சொல்லத் தெரியவில்லை. உடம்பெல்லாம் வெதுவெதுப்பு பரவியது. என் வாயைக் கட்டியிருந்த ஏதோ ஒன்று அவிழ்ந்தது.

பேசினேன். மெதுவாகப் பேசினேன். சரிதாவைப் பற்றிப் பெயர் சொல்லாமல் சொன்னேன். ஒரே ஒரு கட்டடத்தைத் திறந்து வையுங்கள், முப்பத்தொரு பேரும் அதில் இருந்துகொள்கிறோம், பொறுப்பு என்னுடையது என்றேன். அவர் ஒருமுறைகூட "மறுபடியும் சொல்லு" என்று கேட்கவில்லை.

"உன்னை யார் தேர்ந்தெடுத்தார்கள்?" என்றார்.

"யாரும் இல்லை. நான்தான் போய்க் கதவைத் தட்டினேன்."

நான்கு மணிக்கு வரச் சொன்னார். அதுவரை கடற்கரையில் நடந்தேன். கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறம். நான் நடக்கிறேனா மிதக்கிறேனா என்று தெரியவில்லை. நான்கு மணிக்கு ஒரு தாளை நீட்டினார். பழைய கட்டடம் ஒன்று திறந்திருக்கும். மாணவர் பொறுப்பாளர் எஸ்தர் என்று எழுதியிருந்தது. படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். ஸ்தோத்திரம் என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை.

அந்த மூன்று வாரமும் சுலபமாக இருக்கவில்லை. முப்பத்தொரு பேருக்கு ஒரே சமையலறை. மாட்டிறைச்சி சமைத்த பாத்திரத்துக்காக ஒரு பெரிய சண்டை. நான் கத்திவிட்டேன். மறுநாள் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். அதற்குப் பிறகுதான் அவர்கள் என்னை உண்மையாகவே நம்பினார்கள். கிறிஸ்துமஸ் அன்று நாகர்கோவில் குடும்பம் மீன் குழம்போடு வந்தது. நான் கேப்பை மாவில் அடை சுட்டேன். சரிதா காய்ச்சல் தெளிந்து மூன்று அடை சாப்பிட்டாள்.

அடுத்த மார்ச்சில் வெளிநாட்டு மாணவர் சங்கத் தலைவராக அவர்களே என் பெயரைக் கொடுத்தார்கள். ஜெயித்தேன். ஹாஸ்டல் ஒவ்வொரு குளிர்காலமும் திறந்திருக்க வேண்டும் என்று நான் கொண்டுபோன தீர்மானம் முதல் முறை தோற்றது. இரண்டாம் முறை நிறைவேறியது. போன டிசம்பரில் எந்தப் பிள்ளையும் ஒளிய இடம் தேடவில்லை.

ஊருக்கு அனுப்பும் என்று நான் கேட்டதை ஆண்டவர் அன்று தரவில்லை. படிப்பை முடித்து, இன்று உங்கள் முன்னால் நிற்கும்படி, அவருடைய நேரத்தில்தான் அனுப்பினார். நான் கேட்டதையே அன்று தந்திருந்தால் சரிதா என்ன ஆகியிருப்பாள் என்று நினைத்தால் இன்றும் நடுங்குகிறது.

உங்களிலும் பிள்ளைகளைத் தூர தேசத்துக்கு அனுப்பிவிட்டு, போன் வராமல் தவிக்கிறவர்கள் இருக்கிறீர்கள். என் அம்மா கொல்லையில் முட்டி போட்டது கடல் தாண்டி என்னிடம் வந்து சேர்ந்தது. உங்கள் ஜெபமும் போய்ச் சேரும். நம்புங்கள். உங்கள் பிள்ளையின் பெயரை இப்போது வாய்விட்டுச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம். ஒவ்வொரு பெயராகச் சொல்லி, நாம் எல்லோரும் சேர்ந்து ஜெபிப்போம். யார் முதலில் சொல்கிறீர்கள்?