கரையில் போன பஸ்

இங்கே ஆக்லாந்தில் நான் கணக்கு நடத்தும் பள்ளியில் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் வாத்தியாரைப் பார்த்து "தேங்க்யூ சார்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். வந்த புதிதில் நான் இதைத் தப்பாகப் புரிந்துகொண்டேன். நம் ஊரில் மொத்த வகுப்பும் வாத்தியாருக்கு நன்றி சொன்னால் அது பிரிவுபசார விழா. வேலை போய்விட்டது, எனக்குத்தான் கடைசியாகத் தெரிகிறது என்று நினைத்து, வீட்டுக்கு போன் போட்டு மளிகையைக் குறைத்து வாங்கச் சொன்னேன்.

மாணவரின் பண்பாட்டோடு சேர்த்துப் பாடம் சொல்ல வேண்டும் என்பது இந்தப் பள்ளியின் இன்னொரு வழக்கம். நல்ல விஷயம்தான். பசிபிக் தீவான சமோவாவிலிருந்து வந்த குடும்பத்துப் பெண் மாலியா, கணக்கு ஏறவில்லை என்று திங்கட்கிழமையிலிருந்து எளிய பிரிவுக்கு மாறுவதாக இருந்தாள். அவளைத் தக்கவைக்கும் அவசரத்தில் இணையத்தைத் துழாவி, சமோவாவில் பாய் பின்னுவார்கள் என்று கண்டுபிடித்தேன்.

"மாலியா, உங்க வீட்டுப் பாய்ல குறுக்கே எத்தனை ஓலை வரும்?"

"தெரியாது சார். எங்க வீட்டுல கார்ப்பெட்."

வகுப்பு சிரித்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அன்று அவள் மட்டும் தேங்க்யூ சொல்லவில்லை.

அந்தக் குனிந்த தலை எனக்குத் தெரிந்த தலை. நான் வாலாஜாபாத் பக்கம் தென்னேரிக்காரன். காஞ்சிபுரத்துப் பள்ளிக்கு பஸ்ஸில் போய்ப் படித்தவன். வகுப்பில் பாதிக்கு மேல் தறி ஓடும் வீட்டுப் பிள்ளைகள். கணக்கு வாத்தியார் நல்ல மனிதர், அவர்களுக்குப் புரியட்டும் என்று எல்லாக் கணக்கையும் பட்டுச்சேலையிலேயே போடுவார். பரப்பளவு நடத்தும்போது என்னை எழுப்பினார்.

"கரை எவ்ளோ அகலம் இருக்கும், சொல்லுப்பா."

எங்கள் ஊரில் கரை என்றால் ஏரிக்கரை. "பஸ்ஸு போவும் சார்" என்றேன்.

"உங்கம்மா பொடவையிலயா?"

பின் பெஞ்சிலிருந்து ஒருவன், "முந்தானைல நிக்குமா சார்?" என்றான். அந்த வருஷம் முழுக்க என் பெயர் கண்டக்டர். கணக்கு வகுப்பில் நான் வாயைத் திறக்கவே இல்லை.

காஞ்சிபுரம் என்று கேட்டதும் இங்குள்ள துறைத்தலைவி என்னை ஒருநாள் பட்டு நெய்துகாட்டச் சொல்லியிருக்கிறார். எனக்கு அறுந்த பட்டனைத் தைக்கவே வராது. பயத்தில் தலையை ஆட்டிவைத்திருக்கிறேன். மாலியாவிடம் நான் கேட்டதும் அதே கேள்விதானே?

வெள்ளிக்கிழமை வகுப்பில் கரைக் கதையைச் சொன்னேன். போர்டில் ஒரு சேலை வரைந்து, கரையில் பஸ்ஸும் விட்டேன். மாலியாவும் சிரித்தாள். "இனிமேல் நான் எதையும் ஊகிக்கறதா இல்லை. உங்க வீட்டுக் கணக்கை நீங்களே எழுதுங்க" என்றேன்.

அவள் எழுதியது இது: 'கிறிஸ்துமஸுக்கு வீட்டிலிருந்து வீட்டுக்குப் போகிறோம். விமானத்தில் ஆளுக்கு ஒரு பெட்டி. பாதிப் பெட்டி சித்தப்பாவுக்கு டின் இறைச்சி. என் உடுப்புக்கு எவ்வளவு எடை மிஞ்சும்?'

திருத்துவதற்குப் பேனாவை எடுத்தேன். "வீட்டிலிருந்து வீட்டுக்கா? இதுல எது வீடு?"

"ரெண்டும்தான் சார்." இதுகூடவா தெரியாது என்பதுபோல் பார்த்தாள்.

பேனாவை மூடினேன். "சரி, விடை?"

"இன்னும் சரியா வரல. திங்கக்கிழமை இங்கயே வந்து போட்டுக் காட்டறேன்."

அவள் கணக்கைப் போர்டில் வரைந்தேன். இந்தக் கோடியில் வீடு என்று ஒரு புள்ளி, அந்தக் கோடியில் வீடு என்று ஒரு புள்ளி, நடுவே கோடு. அம்புக்குறியை எந்தப் பக்கம் போடுவது என்று சாக்பீஸோடு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு இரண்டு முனையிலும் போட்டேன்.