வாசிக்க ஏலாத கோப்பு

எங்கள் மனேஜர் இரண்டு சுட்டுவிரல்களால் மட்டுமே தட்டெழுதுவார். நான் கணினிக்குப் புதிதாக ஒரு ஸ்கிரிப்ட், அதாவது ஒரு சின்ன நிரல், எழுதி வைத்தால் போதும், மறுநாள் காலை அதைத் திறந்து, ‘எழுதியவர்’ என்ற வரியில் என் பெயரை அழித்துவிட்டுத் தன் பெயரை அந்த இரண்டு விரல்களாலும் குத்துவார். என் கதிரையில் உட்கார்ந்தபடியே அதைப் பார்த்திருக்கிறேன். ஸ்கிரிப்ட் என்பது வெறும் எழுத்துத்தான். யாரும் திறக்கலாம், யாரும் கை வைக்கலாம். பெயர்தானே, போகட்டும் என்று விட்டேன். விட்டது என் பிழை.

யுத்த காலம் அது. திருகோணமலைத் துறைமுகத்துக்குள் சரக்கு இறக்கப் போகும் எங்கள் கம்பனி ஆட்களின் பெயர்ப்பட்டியலை அந்த ஸ்கிரிப்டுகளில் ஒன்றுதான் நாள்தோறும் அச்சிடும். வாசலில் நிற்கும் காவலர்கள் பட்டியலையும் அடையாள அட்டையையும் ஒப்பிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். எங்கள் அட்டைகளில் அப்பா பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். மனேஜருக்கு ஒருநாள் அது அழகாகப் படவில்லை. யாரிடமும் கேளாமல் ஒரு வரியைத் திருத்திச் சொந்தப் பெயரை முன்னால் கொண்டுவந்தார். அன்று வரிசையில் முதலில் நின்றவன் என் அண்ணன். அட்டையில் ஒருவன், பட்டியலில் இன்னொருவன் என்று ஏற்றிக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் விட்டார்கள். வீட்டுக்கு வந்தவனுக்கு வலது கையால் சோறு பிசைய முடியவில்லை. அம்மாதான் ஊட்டிவிட்டார்.

இதற்கிடையில் முதலாளி விசாரித்தார்.

“சேர், இது இந்தப் பிள்ளை எழுதினது. நான் தொடவே இல்லை” என்று மனேஜர் கோப்பைத் திறந்து காட்டினார். ‘எழுதியவர்’ வரியில் என் பெயர் திரும்பி வந்திருந்தது.

அன்றே கறுவிக்கொண்டேன். எல்லா ஸ்கிரிப்டுகளையும் சி என்ற கணினி மொழியில் மறுபடி எழுதினேன். “இந்தத் துண்டுப் பட்டியலுக்கு இவ்வளவு கூத்தோ?” என்று கூட வேலை செய்தவள் சிரித்தாள். சி மொழியில் எழுதியதைக் கம்பைலர் என்ற மென்பொருள், இயந்திரத்துக்கு மட்டுமே விளங்கும் கோப்பாக மாற்றிவிடும். அது ஓடும், ஆனால் திறந்து பார்த்தால் மனிதருக்கு ஒன்றும் விளங்காது. ஓடும் கோப்பைக் கணினியில் விட்டு, நான் எழுதிய மூலத்தைப் பிளாப்பித் தட்டில் போட்டு என் மேசை லாச்சியில் பூட்டினேன். பட்டியல் பிழையில்லாமல் வரத் தொடங்கியது. பழையதைத் தூக்கி எறிந்துவிட்டுத் தானே எல்லாவற்றையும் புதிதாக எழுதியதாக மனேஜர் முதலாளியிடம் சொன்னார். காத்திருந்தேன்.

ஒருநாள் முதலாளி வந்தார். பட்டியலில் லொறி இலக்கமும் வேண்டும், இப்போதே போட்டுக் காட்டு என்றார். மனேஜர் கோப்பைத் திறந்தார். திரை முழுக்கக் குப்பைக் குறிகள். மேலே போனார், கீழே போனார். காதோரம் வேர்த்து வழிந்தது. அதைப் பார்க்க எனக்கு இனித்தது.

“பிள்ளை, இதை ஒருக்கா வாசிக்கிற மாதிரி எடுத்துத் தாங்கோ.”

“ஏலாது சேர். நீங்கள்தானே எழுதினனீங்கள்? நான் தொடவே இல்லை.”

அந்தக் கிழமை முடியுமுன்பே அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். மனம் ஆறியதா என்றால், இல்லை.

போன வருடம் நிலாவெளி பஸ்ஸில் அவரைக் கண்டேன். நரைத்துப்போய், கையில் தடியுடன் என் அருகே வந்து நின்றார். “பிள்ளை, அண்ணா சுகமோ?” என்றார். அண்ணன் இன்றைக்கும் இடது கையால்தான் சாப்பிடுகிறான். அதனால் கலியாண வீட்டுப் பந்தி எதிலும் அவன் உட்காருவதில்லை.

எனக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. மடியிலிருந்த பையைத் தூக்கி அதில் வைத்தேன். அவர் நிலாவெளி வரைக்கும் நின்றுகொண்டே வந்தார்.